பளுகலுக்குப் போன அறுபது சாக்கு

எனக்கு முழுதாகத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: கவலைப்படுவது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிடுவேனோ என்று கவலைப்பட்டு, பரீட்சை எழுதாமலே படிப்பை நிறுத்தினேன். மறுநாளிலிருந்து, எழுதியிருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பேனோ என்று கவலைப்பட ஆரம்பித்தேன். முப்பது வருஷமாகியும் அது ஓயவில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது பந்தல் வாடகை. கேரளத்தின் தெற்கு ஓரத்தில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எங்கள் பக்கத்தில் கல்யாணமோ ஞானஸ்நானமோ நடந்தால் நாற்காலியும் மேசையும் பந்தலும் என்னுடையவை. (மழை வருமா என்கிற கவலையும் என்னுடையதே. அதற்கு வாடகை கிடையாது.)

இப்படிப்பட்ட என்னைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்பு வார்டின் சாம்பியனாக ஆக்கினார்கள்.

எங்கள் முனிசிப்பாலிட்டி அந்த வருஷம் சுத்தமான நகரத்துக்கான விருதுக்குப் போட்டியிட்டது. வார்டுக்கு ஒரு உள்ளூர் சாம்பியன் வேண்டுமாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லி, ஜனங்களைத் திருத்த வேண்டுமாம். கவுன்சிலர் ஒரு பச்சைத் தொப்பியோடு வந்தார்.

“மக்கா ஞானதாஸு, ஒனக்குத் தெரியாத வீடு இந்த வார்டுல உண்டா? நீதான் சாம்பியன்.”

“சாரே, நான் ஓட்டப்பந்தயத்துலகூட ஜெயிச்சதில்லியே.”

“இதுல ஓடாண்டாம். நடந்தா போதும்.”

நடந்தேன். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: “எலே, எனக்க வேட்டிய கழுவி ஒரு வாரம் ஆச்சு. பால் கவர நான் கழுவணுமா?” நான் அவர் வேட்டியைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

உண்மையான சாம்பியன் யாரென்று வார்டு முழுக்கத் தெரியும். லலிதா. பச்சைக் கோட்டு போட்டு மாதாமாதம் எல்லா வீட்டிலும் பிளாஸ்டிக் எடுக்கிற நான்கு பெண்களில் அவள்தான் தலைவி. எடுத்ததைக் கால்வாய்க் கரையில் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். பால் கவருக்கு ஒரு சாக்கு, மருந்து அட்டைக்கு ஒன்று, பழைய செருப்புக்கு ஒன்று. எல்லாவற்றிலும் சீட்டுக் கட்டியிருக்கும். அந்தக் கொட்டகையில் இல்லாதது ஒன்றே ஒன்று, கக்கூஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை செய்கிற நான்கு பெண்களும் அவசரத்துக்கு யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். சில வீட்டில் திறப்பார்கள். சில வீட்டில் டிவி சத்தம் கூடும்.

அதிக மார்க் வாங்குகிற வார்டுக்குப் புதுக் கொட்டகையும் கக்கூஸும் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். “அண்ணே, தொப்பி உங்களுக்கு, பேரு கவுன்சிலருக்கு. எங்களுக்கு அந்தக் கக்கூஸு போதும்,” என்று லலிதா என்னிடம் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை நடுவர்கள் வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சும்மா ஒரு பார்வை பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. (அதைக் கொடுத்தவர்கள் செய்த தப்புதான் முதல் தப்பு.) கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் சாக்கு. அறுபது இருக்கும். செருப்புச் சாக்கிலிருந்து ஒரு வாடை வேறு.

சுத்தமான வார்டு என்று சொல்லி நடுவரைக் கூட்டிவந்து இத்தனை குப்பையையா காட்டுவது? என் தொழிலில் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் எச்சில் இலை, உடைந்த நாற்காலி, குடித்துவிட்டு விழுந்த சித்தப்பா, எல்லாவற்றையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுவோம். அந்தப் புத்திதான் வேலை செய்தது. லலிதாவுக்குப் போன் போட்டேன். அவள் ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். எடுக்கவில்லை.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது பளுகலில். அத்தானுக்கு அங்கே ரப்பர் ஷீட் வைக்கிற ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. பளுகல் தமிழ்நாடு. எங்களுக்கு அது ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் போய்விடுகிற தூரம், எல்லையென்று யார் நினைத்தது! பெட்டி ஆட்டோவில் நான்கு தடவை அடித்தேன். இரண்டு மாநிலமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தது. அத்தானிடம், “ரெண்டு நாளைக்கு நம்ம சாதனம் கொஞ்சம் கெடக்கட்டும்,” என்றேன். பந்தல் துணி என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்து கொட்டகையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். நான்கு நாற்காலிக்கு வெள்ளை உறை மாட்டினேன். நடுவில் ஒரு பூச்சட்டி. (பிளாஸ்டிக் பூ. அது மறுநாள்தான் உறைத்தது.) அன்று ஆயுளில் முதல்முறையாகக் கவலையில்லாமல் தூங்கினேன்.

காலையில் நடுவர் அம்மா ஒருவரும் குறிப்பெடுக்க ஒருவரும் வந்தார்கள். பச்சைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு லலிதா வந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

நடுவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “சாக்கொக்கெ எவிடே?” என்றார்.

லலிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணே, எனக்க சாக்கு எங்க?”

“பத்திரமா உண்டு.”

“எங்க உண்டு?”

“தமிழ்நாட்டுல.”

குறிப்பெடுக்கிறவர் பேனாவை மூடினார். நடுவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சுத்தமான அறையைப் பார்க்க அவர் வரவில்லையாம். பிரித்து வைத்ததைப் பார்த்து மார்க் போடத்தான் வந்தாராம். “அடுத்த வார்டு பார்த்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்ப வருவேன். இருந்தால் மார்க். இல்லையென்றால் இல்லை,” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்த லலிதா பளுகல் வரை மணியையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் ஷெட் முன்னால் திருவிழாக் கூட்டம். கேரளாக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள் என்று யாரோ போலீசைக் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் லுங்கியோடு நின்ற அத்தான் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். “சாரே, இந்தா வாறான்! எனக்க மச்சினன்தான். பிடிச்சுக்கிடுங்க!”

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தார். “அங்க இருக்க நாத்தத்த இஞ்ச கொண்டு தட்டுதியோ?”

லலிதாதான் இறங்கினாள். ஒரு சாக்கின் கட்டை அவிழ்த்து அவர் முன்னால் பிடித்தாள். மருந்து அட்டைகள், துடைத்து அடுக்கிய மாதிரி.

“சாரே, மோந்து பாருங்க. இது குப்பை இல்ல, நாங்க நாலு பேரு மூணு மாசம் குத்த வச்சு செய்த வேலையாக்கும். ஒரு மணிக்குள்ள திரும்பக் கொண்டு போணும்.”

“திரும்பக் கொண்டு போணுமா?”

“ஓ, எல்லாம்.”

அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “எனக்க சர்வீஸ்ல அங்கேருந்து வாற குப்பையத்தான் பிடிச்சிருக்கேன். எனக்க குப்பைய எனக்குத் தாங்கன்னு கேட்டு வந்த கேரளாக்காரிய இப்பத்தான் பாக்கேன். ஏத்திக் கொடுங்கடே!”

எந்தக் கல்யாணத்துக்கும் என் சாமானை அப்படி ஒரு வேகத்தில் யாரும் ஏற்றியதில்லை. சனியன் போனால் போதுமென்று எதிர்வீட்டுக்காரர் தன் மினிலாரியையே எடுத்து வந்தார்.

ஒன்றேகாலுக்குக் கொட்டகை வந்து சேர்ந்தோம். நடுவர் வெள்ளை உறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து சாக்கைப் பிரித்துப் பார்த்தார். பிரித்த வேலைக்கு முழு மார்க். “சேமிப்பு இடம்” என்ற கட்டத்தில் மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, பக்கத்து மாநிலம் என்று எழுத அதில் இடமில்லாததால் சைபர் போட்டார். முதலிடம் வேறு வார்டுக்குப் போனது. புதுக் கொட்டகையும் கக்கூஸும் கூடவே போயின.

லலிதா அப்போதும் திட்டவில்லை. என் தலையிலிருந்த பச்சைத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சாக்கு அடுக்கப் போனாள். அன்று சாயங்காலம் அந்தப் பெண்களில் ஒருத்தி யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டு நின்றதைப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. கவுன்சிலரிடம் அனுமதி வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் நானே ஒரு கக்கூஸ் கட்டினேன். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். (ஒன்று போய்விட்டால்?)

திறந்த அன்றைக்கே லலிதா அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். “எக்கா, நான் பளுகல் வர போய்ட்டு வாறேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் மனைவியும் பிள்ளைகளும் வேறு பெயர் சொல்வதேயில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அத்தான் சாப்பிட வந்திருந்தபோது என் சின்ன மகள் எல்லாவற்றையும் அவரிடம் போட்டு உடைத்துவிட்டாள். சொந்த ஊரைக் கேவலப்படுத்தியதாக எடுத்துக்கொள்வாரோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. அவர் ஆட்டுக்கறியை நிதானமாக மென்று முடித்தார்.

“அது கெடக்கட்டு மாப்ளே. அந்தப் பளுகல்ல கொண்டு போட்டதயாவது திரும்பத் தாங்கன்னு கேட்டு ஒருத்தனும் வரமாட்டான், இல்லியா?”