பாராட்டிவிட்டுப் போகிறவர்கள்

"செப்டிக் டேங்க் மூடிகூட எவ்வளவு நீட்டா இருக்கு, அங்கிள்" என்று அனூப் சொன்னதும் பூதலிங்கத்துக்கு இருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

வீடு பார்க்க வந்த அனூப்பும் அவன் மனைவி ஆர்யாவும் வாசலில் கால் வைத்ததிலிருந்து மலையாளம் கலந்து புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். கேட் அடிபொளி. கிணறு சூப்பர். மாடிப்படி கொள்ளாம்.

இந்தப் புகழ்ச்சியின் பொருள் பூதலிங்கத்துக்குத் தெரியும். சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகக் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறவர் அவர். "இது தாழ்ப்பாளா, தகரமா? பிடிச்சா வளையுதே ஓய்" என்று ஏசுகிறவன் ரெண்டு டஜன் கட்டச் சொல்லுவான். "அருமையான சரக்கு அண்ணாச்சி" என்று தடவிப் பார்க்கிறவன், இதோ ஒரு சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று போவான். அந்தச் சாயாவை அவன் இன்னும் குடித்துக்கொண்டிருப்பான்.

இன்றைக்கு வீடு விற்றே ஆக வேண்டும். கடைக்குப் பின்தெருவில் ஒரு வீடு தோதாக வந்திருக்கிறது. அதன் சொந்தக்காரர் சாயங்காலம் வரைதான் பொறுப்பார்.

பூதலிங்கத்துக்கு இந்த ஹரிதவனம் காலனி பிடித்துத்தான் இருந்தது. "என்ன காத்து, என்ன காத்து" என்று தினமும் வேட்டியை உதறிக்கொண்டு சொல்லுவார். பிச்சம்மாளுக்குத்தான் ஆகவில்லை. குடிவந்த அன்று தொடங்கியவள் மூன்று வருஷமாக நிறுத்தவில்லை. கீரையை மயில் தின்கிறது. கிழங்கைப் பன்றி தோண்டுகிறது. கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ் பிடிப்பதற்குள் தலை நரைத்துவிடுகிறது. கட்டினவளுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் என்ன புருஷன் என்றுதான் அவர் தரகர் யூசுபைக் கூப்பிட்டார்.

சரி, இவர்களாகக் குறை கண்டுபிடிக்க மாட்டார்கள், நாமே எடுத்துக் கொடுப்போம் என்று பூதலிங்கம் துணிந்தார்.

"இங்க பாருங்க, சுவர்ல விரிசல்."

"நேச்சுரல் லுக்" என்றாள் ஆர்யா.

"பைப்புல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்."

"நல்லதுதானே அங்கிள். நமக்கும் சிக்கனம் பழகும்."

"மயில் வந்து செடியெல்லாம் தின்னுட்டுப் போயிரும்."

"மயிலா?" ஆர்யா போனைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள்.

அடுக்களையிலிருந்து பிச்சம்மாள் கையில் ஒரு டம்ளரோடு வெளியே வந்தாள்.

"சீனி தீந்து போச்சு. ஜெயஷீலாகிட்ட வாங்கிட்டு வாரேன்."

"இப்ப எதுக்கு சீனி?"

"வந்தவங்களுக்குக் காப்பி வேண்டாமா? நீங்க வீட்டைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் பூதலிங்கத்துக்குப் பக்கத்து வீட்டுத் தாசையன் நினைவு வந்தது. பாறசாலைக்காரர், ரிட்டயர்டு ஹெட்கிளார்க். காலனி அசோசியேஷன் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அவ்வளவு குறை அவரிடம் இருப்பு உண்டு. அவரிடம் ஐந்து நிமிஷம் நின்றால் இந்தப் பிள்ளைகளுக்கும் குறை சொல்லும் பழக்கம் தொற்றிக்கொள்ளாதா?

மதில் பக்கம் அழைத்துப் போனார். "ஓய் தாசையன், இவங்க வீடு பாக்க வந்திருக்காங்க. நம்ம காலனியப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லும்."

தாசையன் செய்தித்தாளை மடித்து வைத்தார். முகத்தில் ஒரு தெய்வீக ஒளி.

"சொர்க்கம்" என்றார்.

தாசையனுடைய வாய்க்குப் பயந்து நேற்று ஒரு டப்பா அல்வா கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னது தாம்தான் என்பது பூதலிங்கத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஓய், பன்னி வருமில்லா?" என்று கண்ணைக் காட்டினார்.

"பன்னியா? நம்ம பிள்ளைய மாதிரி. சந்தியாவானா வரும், ஒரு சுத்து சுத்தும், போயிரும்."

"பஸ்சு?"

"பஸ்சு எதுக்கு? பொடிநடை ஒடம்புக்கு நல்லது."

பூதலிங்கம் மதிலுக்கு மேலாகக் கையை நீட்டி அவரைக் கிள்ளினார். அல்வா போதவில்லை என்று கிள்ளுவதாக எண்ணிய தாசையன் குரலை உயர்த்தினார். "இந்தக் காலனிக்காரனுக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம், கேட்டீங்களா."

எதிர்வீட்டுக் கேட் படார் என்று திறந்தது. ஜெயஷீலா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணே, உமக்கு மனசாட்சி இருக்கா? போன கூட்டத்துல இது மனுஷன் இருக்கப்பட்ட எடமான்னு கேட்டது யாரு? எங்க கிணத்துல தண்ணியில்ல. மழை பெய்ஞ்சா ரோடு ஆறு. புதுசா வாற பிளாட்டுக்காரன் லாரி ராவும் பகலும் ஓடுது, எங்க வீட்டு அலமாரில பாத்திரமெல்லாம் ஆடுது."

"பிளாட்டு வந்தாத்தானே எடத்துக்கு மதிப்பு?" என்றது ஒரு மாடி.

"மதிப்ப வச்சுத் தாளிக்கவா?" என்றது இன்னொரு மாடி.

ஐந்து நிமிஷத்தில் தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. காற்றுக் கட்சி ஒரு பக்கம், பன்றிக் கட்சி ஒரு பக்கம். குறை கேட்டுக் கேட்டு நாக்கு நமைத்த தாசையன், அல்வாவை மறந்து பன்றிக் கட்சிக்குத் தாவி அதற்குத் தலைவரும் ஆனார்.

அனூப்பின் முகம் மாறியது. "அங்கிள், அந்த விரிசல் பெரிசுதானே?"

"பெரிசு" என்றார் பூதலிங்கம் ஆசையாக.

"அடுக்களையும் சின்னதா இருக்கு" என்றாள் ஆர்யா. "கிணறும் மதிலை ஒட்டி."

"சொல்லும்மா, இன்னும் சொல்லு."

"கேட்டும் துரு."

பூதலிங்கத்துக்கு அனூப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வீடு விற்றாயிற்று. சாலையில் இதைவிடக் குறைவாக ஏசியவனெல்லாம் லாரியில் சரக்கு ஏற்றியிருக்கிறான். "ஆலோசிச்சிட்டுச் சொல்றோம் அங்கிள்" என்று அவர்கள் காரில் ஏறியபோதுகூட அவர் தடுக்கவில்லை. ஏசியவன் தெருமுனை வரை போவான், திரும்பி வருவான். அது முறை.

கார் தெருமுனையில் நின்றது. பின்விளக்கு எரிந்தது. பின்னோக்கி உருண்டது.

"வாரான்" என்று பூதலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

தண்ணீர் லாரிக்கு வழிவிட்டுவிட்டுக் கார் போயே போய்விட்டது.

சற்று நேரத்தில் யூசுபின் போன் வந்தது. "எந்தா அண்ணாச்சி இது? பிள்ளைங்க அட்வான்சோட வந்தது. வீடு பிடிச்சா பிடிச்சதுன்னு சொல்ற பாவங்க. நீங்களே விரிசல் காட்டிக் கொடுத்தீங்களாமே."

"பின்ன குறையே சொல்லலியேப்பா?"

"குறை இல்லேன்னு நினைச்சாங்க, அதான் சொல்லல" என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் வேறு ஆளுக்கு எங்கே போக? பிச்சம்மாளிடம் என்ன சொல்வது? தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று அடுக்களைக்குப் போனார். மேடையில் சீனி டப்பா மூடி திறந்திருந்தது. விளிம்பு வரை சீனி; ஒரு டம்ளர் கடனில் நிரம்புகிற டப்பா இல்லை அது.

கொல்லையில் பிச்சம்மாள் மயிலை விரட்டிக்கொண்டிருந்தாள். அவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

"போச்சா? போனாப் போகுது, சவம்" என்றாள். "இனி இந்தப் பன்னிக்காட்டுலயே கெடக்கணும்னு எந்தலையில எழுதியிருக்கு. தண்ணி கெடையாது, பஸ்சு கெடையாது." சொன்ன குரலில் ஒரு பாட்டு இருந்தது.

அது என்ன பாட்டு என்று பூதலிங்கம் கேட்பதற்குள், காலனி முற்றங்களைக் கூட்டிச் செடி வைத்துக் கொடுக்கும் எலிசாள் தலையில் ஒரு கன்றோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"எங்க குழி தோண்டணும் அண்ணாச்சி?"

"என்ன கன்னு இது? யாரு கேட்டா?"

எலிசாள் கன்றை இறக்கி வைத்தாள். "மங்குஸ்தான். அக்கா முந்தாநாளே சொல்லிவிட்டாங்க. காய்க்கப் பத்து வருஷம் பிடிக்குமேன்னு கேட்டேன், 'அதுவரைக்கும் குறை சொல்லிட்டு இங்கயே இருந்துக்கிடுதேன்'னாங்க."