சும்மா ஒரு சோதனைப் படம்

“இதுவும் உங்களுக்குச் சரிப்படாது சார்” என்று கேமராக் கடைக்காரர், லிப்ட் மெக்கானிக்கின் கையிலிருந்த நான்காவது டி.எஸ்.எல்.ஆர். கேமராவையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

“இதுல என்ன குறை?”

“கனம். முதல் கேமராவே இப்படி இருந்தா, ஒரே மாசத்துல அலமாரியில தூங்கும்.”

முதலாவது மட்டமான சரக்கு என்றிருந்தார். இரண்டாவதோடு வரும் லென்ஸுக்கு வெளிச்சம் குறைந்தால் கண் தெரியாதாம். மூன்றாவதில் பட்டன் அதிகம். விற்கிறவரே வேண்டாம் என்றால் நம்பாமல் என்ன செய்வது?

மெக்கானிக்கின் மனைவி வருகிற வெள்ளிக்கிழமை நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் அவள் கண்ணைத் திறந்திருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. படமெடுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஊசிக்குப் பயந்த நோயாளி மாதிரி முகம் இறுகிவிடும். “நல்லதா ஒண்ணு நானே எடுத்துத் தரேன்” என்று வாக்குக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்பாடு செய்த போட்டோகிராபரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஆளை ஏற்றிப் பார்க்காமல் எந்த லிப்டுக்கும் கையெழுத்துப் போடாத மனிதர். கேமராவுக்கும் அதே சட்டம்தான். கடைக்காரரின் மெமரி கார்டைப் போட்டு, மனைவியைக் கடைவாசலில் நிறுத்தி, ஒவ்வொரு கேமராவிலும் நூறு படமாவது எடுத்துப் பார்ப்பார்.

“ஏங்க, டியூட்டி முடிஞ்சு வந்தவளை இப்படி ரோட்டுல நிக்க வைக்கறீங்களே!”

“சும்மா சோதனைக்குத்தான். கொஞ்சம் திரும்பு.”

“திரும்பித் திரும்பி எனக்குத் தலையே சுத்துது. வாங்கப்போற ஆள் மூஞ்சியா இது?” என்று சொல்லி அவளே சிரித்துவிட்டாள். சோதனைப் படத்துக்கு யார் முகத்தை இறுக்குவார்கள்?

கை நடுங்குகிறது என்றார் கடைக்காரர். மெக்கானிக் மூன்று கால் ட்ரைபாட் ஒன்று வாங்கினார். ட்ரைபாடைச் சுமக்க ஒரு பை. பையில் போட்டுவைக்கத் தூசி ஊதும் பம்ப். கேமராதான் இல்லை.

“மாடு வாங்கறதுக்கு முன்னாடியே நெய்க்கு ஜாடி வாங்கியாச்சு” என்றாள் மனைவி. “என் வீட்டுக்காரர்தான் போட்டோகிராபர்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அந்த மூணு காலைப் பாத்துத்தான் நான் சிரிக்கணுமா?”

மச்சானிடம் கேமராவை இரவல் கேட்டார். மச்சான் கேமரா தரவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பதினேழு வீடியோ அனுப்பினார். பார்த்து முடித்தபோது வியாழக்கிழமையும் போயிருந்தது. தெரிந்த கொஞ்சமும் குழம்பிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் உள்ளே நுழைந்தார். கடைக்காரர் இல்லை. விற்பனைப் பெண் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எதையாவது ஒண்ணைக் குடும்மா. நாலு மணிக்கு விழா. இன்னிக்கு நான் கோட்டை விட்டா, அத்தனை பேர் முன்னாடி அவ தலைகுனியணும்.”

அவள் மறுபேச்சில்லாமல் இரண்டாவது கேமராவை எடுத்துப் பையில் போட்டாள்.

“என்னம்மா இது, நீ ஒரு குறையும் சொல்லலியே?”

அந்தப் பெண் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வாங்கிட்டா நீங்க படமெடுக்க இங்க வரமாட்டீங்கன்னு முதலாளிக்குப் பயம் சார், அக்கா உங்களைத் திட்டிக்கிட்டே சிரிக்கிற படத்தை ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி எங்க மத்த மூணு கடையிலயும் மாட்டியிருக்கோம், அதைக் காட்டித்தானே எல்லார் தலையிலயும் கேமராவைக் கட்டறோம்!”