மச்சானோட ரெண்டாவது ஞாயித்துக்கிழமை

வாரத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை யாருக்குடா இருக்கு? கையைத் தூக்குங்க பாப்போம். ஒருத்தனும் இல்ல. உங்க மூஞ்சிக்கு ஒண்ணே அதிகம். அதுலயும் பாதி சர்ச்ல கொட்டாவி, மீதி மாமியார் வீட்டுல தேங்காப்பால். என் மச்சான் ஃபெலிசேவுக்கு ரெண்டு இருந்துச்சு. இருந்துச்சுன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் கதை.

மச்சான்னா என் அக்கா மொயெலாங்கியோட புருஷன். குடும்பம் இங்க ஆப்பியாவுல. வேலை அந்தப் பக்கம், பாங்கோவுல, மீன் டப்பா ஃபேக்டரியில. டப்பாவுக்கு மூடி அடிக்கற மெஷினோட மனசு புரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். அதனால வாராவாரம் விமான டிக்கெட் ஃபேக்டரி செலவு. அரைமணி நேரப் பயணம். அதே பாஷை, அதே கிழங்கு, அதே சொந்தக்காரங்க. ஆனா வேற நாடு, வேற காசு, வேற கிழமை. கடியாரம் ரெண்டு ஊர்லயும் ஒரே மணிதான் காட்டும். நடுக்கடல்ல தேதிக் கோடு ஓடுது, அதனால கிழமை மட்டும் அங்க ஒருநாள் பின்தங்கி நிக்கும்.

மச்சான் அங்க வெள்ளிக்கிழமை ஏறுவார், இங்க சனிக்கிழமை எறங்குவார். ஞாயித்துக்கிழமை காலைல சர்ச், மத்தியானம் விருந்து, சாயங்காலம் விமானம். எறங்கினா அங்க சனிக்கிழமை. மறுநாள் விடிஞ்சா மறுபடியும் ஞாயித்துக்கிழமை! வானத்துல ஞாயிறு ஒண்ணுதான். மச்சானுக்கு ரெண்டு.

மொத ஞாயிறு அக்காவோடது. சர்ச்ல பக்கத்துலயே உக்காந்து, இவர் வாயை மட்டும் அசைக்கறாரா, குரலும் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு கேப்பா. ரெண்டாவது ஞாயிறு இவரோடது. சட்டை கிடையாது. குளியல் கிடையாது. கூடத் தங்கியிருக்கற சோலோமோனா சீட்டைக் கலைப்பான், இவர் வெட்டுவார். அக்காவுக்கு அன்னிக்குத் திங்கக்கிழமை, டீச்சர் வேலை. வீட்டுல "அங்கயும் சர்ச்சுக்குப் போறேன்"னு ஒரு வார்த்தை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மச்சான் மிச்ச ஆறு நாளும் மூச்சு விட்டார்.

வினை போன் ரூபத்துல வந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், விருந்துச் சாப்பாடு. மச்சான் பன்னிக்கறியில கையை வைக்கறார். அக்கா ஆரம்பிச்சா.

"ஏம்ப்பா, நீ பாங்கோவுல எறங்கினதும் உன் போன் ஏன் சாகுது?"

"ரோமிங் இல்லம்மா."

"போனுக்குத்தான் ரோமிங் இல்ல. உனக்கு நல்லாவே இருக்கு."

"அந்த ஊர் சிம்மு வேற, இந்த ஊர் சிம்மு வேற..."

"போன வாரம் போன் போட்டேன், போகல. அதுக்கு முந்தின வாரம் போட்டேன், போகல. போனவன் போன்னு ஒண்ணை எதுக்குக் கொண்டு போன?"

"டவர்..."

"டவரை விடு. அந்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் எந்த வசனத்துல பேசினார்?"

மச்சான் கிழங்கைத் தொண்டையில சிக்க வெச்சுக்கிட்டார். வேணும்னேதான். இருமினார், தண்ணி குடிச்சார், கண்ணைத் துடைச்சார். அக்கா முதுகுல தட்டினா. கொஞ்சம் பலமாவே தட்டினா.

"சரி, ரெண்டு ஊர்லயும் வேலை செய்யற மாதிரி ஒரு பிளான் எடுங்க. தம்பி கடையிலயே எடுங்க."

இங்க ஒண்ணு கவனிக்கணும். எங்க அக்கா சாதாரணமா "நீ, வா, போ"தான். அவ வாயில மரியாதை வந்தா ஆபத்து. எங்க வீட்டுல எல்லாரும் "நீங்க"ன்னு கேட்டதும் ஓடறதுக்குச் செருப்பைத் தேடுவோம். மச்சான் இருமல்ல இருந்ததால அதைக் கவனிக்கல.

அன்னிக்கு சாயங்காலமே, விமானத்துக்குப் போற வழியில என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஞாயித்துக்கிழமை என் போன் கடை மூடியிருந்தாலும் மச்சானுக்குக் கிடையாதா?

"டேய் பாவுலோ, பிளான் என்னென்ன இருக்கு?"

"குடும்ப பிளான் இருக்கு மச்சான். ரெண்டு நாடு, ஏழு நாள், எந்நேரமும் பேசலாம். அக்கா முகத்தைப் பாத்துக்கிட்டே பேசலாம்."

"அடுத்தது சொல்லு."

"ரெண்டு சிம் போட்டுக்கலாம். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

"ரெண்டு நம்பரும் அவகிட்ட இருக்கும். அடுத்தது."

"வேலைநாள் பேக். ரெண்டு நாட்டுலயும் எடுக்கும். ஆனா திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும்தான்."

மச்சான் கண்ணுல பல்பு எரிஞ்சுது. "சனி, ஞாயிறு?"

"கட்."

"லேசா கட்டா, முழுசா கட்டா?"

"பொணம் மச்சான். கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் வராது."

மச்சான் என்னைக் கட்டிப் பிடிச்சார். கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பிடிக்கல. "கம்பெனி ரூலு, நான் என்ன பண்ணட்டும்?"னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டார். மூணாவது தடவை என் போன்லேர்ந்து அக்காவுக்கே போட்டுச் சொன்னார்.

"மொயெலாங்கி, வேலைநாள் பேக் எடுத்துட்டேன். சனி ஞாயிறு மட்டும் எடுக்காது. கம்பெனி ரூலு, நான் என்ன பண்ணட்டும்?"

"உங்களுக்கு எது சௌகரியமோ அதையே எடுத்துக்கோங்க."

"கோவம் இல்லியே?"

"எனக்கென்னங்க கோவம். திங்கக்கிழமைலேர்ந்து வேலை செய்யும்ல?"

"பின்ன!"

"காலைலேர்ந்தேவா?"

"விடியும்போதே! ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சதும் திங்கக்கிழமை, அந்த நிமிஷமே உசுரு வந்துரும்!"

"ரொம்ப சந்தோஷங்க. பையில கிழங்கு வெச்சிருக்கேன். எறங்கினதும் எடுத்து வெளிய வெச்சிடுங்க, அழுகிடும்."

அஞ்சு மரியாதை, ஒரே போன்ல. இவர் ஒண்ணையும் எண்ணல. விமானத்துல ஏறினார், ஜன்னலோரம் உக்காந்து வழி பூரா பல்லைக் காட்டிக்கிட்டே போனார். எறங்கி போனை எடுத்துப் பாத்தார். ஒரு கோடு கூட இல்ல, செத்த மீனு மாதிரி கிடந்துச்சு. அதுக்கு ஒரு முத்தம் குடுத்தாராம். பையைத் தூக்கி மூலையில போட்டார். கிழங்கை எடுக்கல. நல்லாத் தூங்கினார்.

ஞாயித்துக்கிழமை காலை ஏழரை. சட்டை இல்லாம மச்சான் பாயில சாஞ்சிருக்கார். சோலோமோனா சீட்டு போடறான். கையில வந்தது மூணு ராஜா. மனுஷன் கண்ணை மூடி, வாழ்க்கைன்னா இதுதான்டான்னு ஒரு பெருமூச்சு விட்டார்.

போன் அடிச்சுது.

பொணம் எழுந்து உக்காந்து பாட்டுப் பாடுச்சு. மச்சான் அதைப் பாக்கறார். அது மச்சானைப் பாக்குது. கை தவறி எதையோ அழுத்தினார். ஸ்கிரீன் நிறைய அக்கா. காதுல செம்பருத்தி, பின்னால பள்ளிக்கூட மணி.

"எழுந்தருளிட்டீங்களா?"

"ஏ, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை! போன் செத்திருக்கணுமே!"

"உங்களுக்கு ஞாயிறுங்க. கம்பெனிக்குத் திங்கள். கம்பெனி கம்ப்யூட்டர் ஆப்பியாவுல இருக்கு. அது ஆப்பியா காலண்டரைத்தான் பாக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்கே உசுரு வந்துருச்சே, நீங்கதானே சொன்னீங்க?"

மச்சான் வாய் திறந்துச்சு. குரல் வரல. சர்ச்ல செய்யற அதே வேலை.

"சர்ச்சுக்குத்தான் கிளம்பிட்டு இருந்தேன்."

"சட்டை இல்லாமயா? கையில என்ன, பாட்டுப் புஸ்தகமா?"

மூணு ராஜாவும் கீழ விழுந்தாங்க.

"பையைத் திறங்க. கிழங்குக்கு அடியில பாருங்க."

திறந்தார். வெள்ளைச் சட்டை. வெள்ளை வேட்டி. டை. இஸ்திரி மடிப்பு கையை அறுக்கற மாதிரி. அதுக்கு மேல பாட்டுப் புஸ்தகம், சில பக்கத்துல அடையாளம் கூட வெச்சிருக்கா.

வாசல்ல ஹார்ன் அடிச்சுது.

"அது பாஸ்டர் வண்டிங்க. பாஸ்டர் சம்சாரம் எங்க சித்தி பொண்ணு, மறந்துட்டீங்களா? அவங்க பாட்டுக் குழுவுல அடிக்குரலுக்கு ஆள் இல்லையாம். என் வீட்டுக்காரர் வாராவாரம் வருவார்னு சொல்லிட்டேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவுல விருந்து அவங்க வீட்டுலதான்."

"எனக்குத் தொண்டை..."

"நேத்து மூணு தட்டு எறங்கிச்சே அந்தத் தொண்டையா? அப்புறம், கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கற தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. கால் தெரியுது."

சோலோமோனா காலை உள்ள இழுத்தான். பிரயோஜனம் இல்ல.

இப்ப மச்சான் வாரத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை முழுசா பாடறார். ரெண்டு பாஸ்டர், ரெண்டு பிரசங்கம், ரெண்டு விருந்து. குரல் நல்லாப் பழகிடுச்சுன்னு ஊரே சொல்லுது. அங்க வெள்ளிக்கிழமை வந்தா அவருக்கு மனசு கொதிக்குமாம், போன் போட்டு அக்காவை நாலு வார்த்தை கேக்கணும்னு எடுப்பாராம். போன் செத்துக் கிடக்கும். இங்க சனிக்கிழமையாச்சே.

போன வாரம் நேரா வந்து என் சட்டையைப் பிடிச்சார்.

"ஏன்டா, கம்பெனி எந்த ஊர்க் கிழமையைப் பாக்கும்னு சொல்ல மாட்டியா?"

"என்ன கிழமைன்னு கேட்டீங்க மச்சான். யாரோட கிழமைன்னு கேக்கலையே."

"அதுசரி, நான் அங்க சர்ச்சுக்குப் போகலைன்னு அவளுக்கு எவன்டா சொன்னான்?"

யாருன்னு தெரியலை மச்சான், உலகம் கெட்டுப்போச்சுன்னு சொல்லி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்.

உங்ககிட்ட என்னடா மறைக்கறது. மாசக்கணக்கா ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு வயித்து வலி வந்துக்கிட்டு இருந்துச்சு, சர்ச் முடிஞ்சதும் சரியாப் போயிட்டு இருந்துச்சு. ஒருநாள் அக்கா பாதி பாட்டுல எழுந்து வந்து போர்வையை உருவிட்டா. என்னை விட்டுடு, உனக்குப் பெரிய மீனாக் காட்டறேன்னு சொன்னேன். அந்த வேலைநாள் பேக் யோசனையும் அக்காவுக்கு நானே சொல்லிக் குடுத்ததுதான். மச்சானைக் காட்டிக் குடுத்தது நான். இப்பவும் ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கறேன்.