எட்டுப் பொருத்தம் தந்த கம்ப்யூட்டர்

மதுரையைச் சுற்றி நடந்த கல்யாணங்களில் பாதியை நடத்தி வைத்தவர் ஐயரும் இல்லை, தரகரும் இல்லை. பொருத்தம் அண்ணன்தான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் பரவை மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. செருப்போடு உள்ளே போக முடியாது. கம்ப்யூட்டர் கணக்குப் போடும்போது இருமக் கூடாது. ஒருமுறை ஒரு பெண்ணின் தாய்மாமன் தும்மிவிட்டார் என்று ஜாதகத்தை முதலிலிருந்து போட்டார்.

"மிஷினு யோசிக்கிறப்ப தும்முனா கிரகம் இடம் மாறிரும்ணே. அப்புறம் என்னையக் கேக்கப்படாது."

மாமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

இன்னொரு சட்டமும் உண்டு. பையனும் பெண்ணும் நேரில் வரவேண்டும். "பொறந்த நேரத்த ஆளே வந்து சொன்னாத்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்கும்" என்பார். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்பதால் பெரியவர்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள். பிரிண்டர் அடித்து முடிக்க அரைமணி நேரம் ஆகும். அதுவரை பையனையும் பெண்ணையும் டிவி முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு ரிமோட் கொடுத்து, இரண்டு பேரும் ஒரே கட்சியாக டாங்கி ஓட்டிச் சுடும் வீடியோ கேம் ஆடச் சொல்வார். நானும் செல்வியும் அப்படி ஆடி முடித்தபோதுதான் எங்களுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்தது.

அந்த எட்டை நம்பித்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது. சண்டை எவ்வளவு முற்றினாலும், "என்ன செய்ய, கம்ப்யூட்டரே எட்டுன்னு சொல்லிருச்சே" என்று செல்விதான் முதலில் இறங்கி வருவாள். நான் மன்னிப்புக் கேட்டுப் பழகவே இல்லை.

போன மாதம், பொருத்தம் அண்ணன் அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை மாடியில் பழைய கம்ப்யூட்டர் மியூசியம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். உள்ளே தோசை அகலத்துக்கு பிளாப்பிகள், கைப்பிடி தேய்ந்த ஜாய்ஸ்டிக்குகள், நெற்றியில் குங்குமத்தோடு கனத்த மானிட்டர்கள். எதைக் கேட்டாலும் ராசி சொன்னார்.

"இது மேஷம். சீக்கிரம் சூடாயிரும். இந்தா இது கன்னி, அதட்டுனா அணைஞ்சிரும்."

மூலையில் எங்களுக்கு ஜாதகம் போட்ட அதே மிஷின். செல்விக்கு ஆசை வந்துவிட்டது.

"அண்ணே, எங்களுக்கு இன்னொருக்கா அடிச்சுக் குடுங்க. பிரேம் போட்டு மாட்டணும்."

"பிரிண்டர் சரியில்ல தாயி."

"நேத்துதான் ஓட்டிப் பாத்தேன்னு இப்பச் சொன்னீக?"

அவள் விடுகிற ஆளா? அவர் வேண்டா வெறுப்பாகத் தட்டினார். பிரிண்டர் கரகரவென்று இழுத்து இழுத்து அடித்தது. பத்துக்கு நான்கு.

செல்வி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இனி வீட்டில் எதைக் காட்டித் தப்பிப்பது?

"அன்னைக்கும் நாலுதான்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "நான்தான் எட்டுன்னு மாத்தி அடிச்சேன்."

"எதுக்குண்ணே?" என்றாள் செல்வி.

"அந்த டாங்கி ஆட்டத்துல மாப்ளைக்கு உயிரு தீந்துபோச்சு. கூட்டாளிகிட்ட உயிரு வாங்கிக்கிரலாம்ல? உன்கிட்ட மிச்சமிருந்த ஒரு உயிரையும் குடுத்துட்ட. அம்புட்டுப் பெரிய பொருத்தத்துக்கு மிஷினு எங்க மார்க்குப் போடும்?"

"நான் எங்க குடுத்தேன்? இவருதான் கேக்காம எடுத்துக்கிட்டாரு!"

நான் ஜன்னல் வழியாக ஏரோப்ளேன் தெரிகிறதா என்று பார்த்தேன்.

"எடுத்தாரு. ஆனா நீ சிரிச்சியே தாயி," என்றார் அவர். "எத்தனையோ பிள்ளைக என் கடையில ஆடியிருக்கு. உயிரு போறப்ப சிரிச்சது நீ ஒருத்திதான்."

செல்வி அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது நான், வாழ்க்கையில் முதல்முறையாக, "மன்னிச்சிரு" என்றேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

ஆட்டோவில் ஏறிய பிறகு சொன்னாள்: "நம்ம பொண்ணுக்கு வந்த ஜாதகத்தையெல்லாம் எடுத்து ஓரமா வைங்க. எந்தப் பையனா இருந்தாலும் மொதல்ல அண்ணன்கிட்டக் கூட்டியாந்து காட்டிருவோம்."

அந்தப் பொய்யருடைய பெயரையாவது கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். மகள் கல்யாணத்துக்கு அவருக்கு வைக்கும் முதல் பத்திரிகையில் எழுத வேண்டுமே.