கெட்டுப்போகாத நாடு

கிழக்குக் கடலைத் தாண்டி, கப்பல்காரர்களே வழி கேட்டுத்தான் போக வேண்டிய தொலைவில் செவ்வாடபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசர் இருந்தார். பெயர் கோமேதக வர்மர். அமைச்சர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அரசரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் அவர் தம் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தார்.

அந்த நாட்டு மக்கள் மாட்டுக்கறி உண்பவர்கள். கல்யாணமோ கருமாதியோ, கறி இல்லாமல் இலை போட மாட்டார்கள். விடிந்ததும் சந்தைக்குப் போவார்கள். கசாப்புக்காரர் கொக்கியில் தொங்கவிட்டிருப்பதை விரலால் அமுக்குவார்கள், கொழுப்பின் நிறம் பார்ப்பார்கள், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்வார்கள். பிடித்தால் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் கசாப்புக்காரரின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். இதில் அரசாங்கத்துக்கு ஒரு வேலையும் இல்லை. எந்த அரசாங்கம் இதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்?

தர நிர்ணய அமைச்சராக இருந்தவர் நன்மொழியார். சந்தையில் ஈ மொய்க்கிறது என்று சொல்லி அவர் சந்தையை மூடினார். ஈ மொய்க்காத, குளிரூட்டிய பேரங்காடி ஒன்றை அவருடைய மச்சான் திறந்தார். இறைச்சி அங்கே தட்டில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, லேபிள் ஒட்டி அடுக்கப்பட்டது. அடுக்குகளுக்கு மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் வெள்ளைப் பூசணிக்காயை வைத்தால்கூட இப்போதுதான் அறுத்த தொடைக்கறி என்பீர்கள்.

லேபிளில் தரம் போட்டிருந்தது. தரங்கள் மூன்று: உத்தமம், அதி உத்தமம், ராஜ உத்தமம். உத்தமத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சபையில் ஒருவர் கேட்டார். “தரை இருக்கிறது” என்றார் அமைச்சர்.

கொஞ்ச நாளில், ஏர் இழுத்தே தேய்ந்துபோன கிழட்டு எருமையெல்லாம் ‘இளங்கன்று’ என்ற லேபிளோடு வரத் தொடங்கியது. கடித்தவர்களுக்குப் பல் ஆடியது. முறையிட்டார்கள். அமைச்சர் உடனே சட்டம் போட்டார்: ‘எந்த விலங்கும் பேரங்காடிக்குள் நுழையும் நாளே அதன் பிறந்தநாள் எனக் கொள்ளப்படும்.’ பழைய தேதியின் மேல் புதுத் தேதி ஒட்டுகிறார்கள் என்று மறுபடி முறையிட்டார்கள். தேதி லேபிளுக்கு உரியது, இறைச்சிக்கு உரியதல்ல என்று அதற்கும் விளக்கம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் முழு எருமையையே மறைத்தார்கள்.

மக்கள் வேறு வழியில்லாமல் கண்ணாடித்தாளில் நகத்தால் ஓட்டை போட்டு முகர்ந்து பார்த்தார்கள். பேரங்காடி மச்சான் அழாத குறையாகச் சபைக்கு ஓடினார். நன்மொழியார் எழுந்து நின்று உரையாற்றினார்.

“மூக்கு என்பது அரசு அங்கீகாரம் பெறாத கருவி. ஒருவருக்கு நாறுவது மற்றவருக்கு மணக்கலாம். ஆனால் லேபிள் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றுதான். ஆகவே, லேபிளே ஜனநாயகம். இனி இறைச்சியை முகர்ந்து தரம் பார்ப்பவரின் வாக்குரிமை பறிக்கப்படும்.”

அத்தோடு விட்டாரா? அகராதியிலும் கை வைத்தார். ‘கெட்ட இறைச்சி’, ‘கெட்டுப்போன கறி’ என்பவை நாட்டின் மானத்தைக் கெடுக்கும் சொற்கள் என்று நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாகப் ‘பழுத்த இறைச்சி’ என்றே எழுதவும் பேசவும் வேண்டும். “மாங்காய் பழுத்தால் கெட்டுவிட்டது என்போமா? இனிக்கிறது என்கிறோம். மாட்டுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?” என்று அமைச்சர் கேட்டார். சபை கைதட்டியது. தட்டியவர்களில் ஒருவராவது தன் வீட்டு அடுப்பில் தானே கறி வதக்கியவரா என்றால், கிடையாது. அவர்களுக்கு வேண்டிய கறி தனிக் கப்பலில், லேபிள் இல்லாமல் வந்தது.

செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை. புருஷன் தொப்ளான் மரம் அறுப்பவன். மழைக்காலம் முழுக்கக் காட்டில் கிடந்துவிட்டு வீடு வந்திருந்தான். வந்தவனுக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப்போட வேண்டும் என்று ராஜ உத்தமத்தில் ஒரு தட்டு என்று கேட்டு வாங்கிவந்தாள். தாளைப் பிரித்ததுமே அவள் மூக்கு வேண்டாம் என்றது. லேபிள் ராஜ உத்தமம் என்றது. நாலு வருஷமாக மூக்கை நம்பாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவளும் லேபிளை நம்பி, மிளகைக் கூடுதலாகப் போட்டு இறக்கினாள். அவளுக்கு ஈறு வீங்கியிருந்தது, கஞ்சி மட்டும் குடித்தாள். தொப்ளான் சட்டியை வழித்துத் தின்றான்.

மறுநாள் காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. வாயாலும் வயிற்றாலும் போய், கண் குழிவிழுந்து, ஆளே துணியாகத் துவண்டுவிட்டான். அக்கம்பக்கத்தார் கட்டிலோடு தூக்கி அரசு மருத்துவமனையில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

“என்னம்மா சாப்பிட்டார்?” என்று வைத்தியர் கேட்டார்.

“கறிங்க. கெட்ட கறி.”

வைத்தியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அந்த வார்த்தைய இங்க சொல்லாதம்மா.”

“எந்த வார்த்தைங்க? கறியா?”

“அதுக்கு முன்னால உள்ளது.”

“கெட்டுப்போனதைக் கெட்டதுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுங்க?”

“பழுத்ததுன்னு சொல்லணும். நீ சொல்லலாம், நானும் எழுதலாம். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு.” வைத்தியர் குரலைத் தணித்தார். “இதுக்கு மருந்து அலமாரியிலதான் இருக்கு. சீட்டுல ‘கெட்ட’ன்னு இருந்தாத்தான் மருந்துக்காரர் அதை எடுத்துத் தருவார். பழைய விதி, அதை மாத்த மறந்துட்டாங்க. ‘பழுத்த’ன்னு எழுதினா சீரகத் தண்ணிதான் தருவார்.”

“அப்ப கெட்டதுன்னே எழுதுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“எழுதினா என் வேலை போயிடும்மா. எனக்கும் பெண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. அந்தச் சொல்லை உபயோகிக்க நாட்டுலயே ஒருத்தருக்குத்தான் அதிகாரம். அமைச்சரைப் போய்ப் பாரு. பொழுது சாயறதுக்குள்ள வந்துடு. அதுக்கு மேல இந்த உடம்பு தாங்காது.”

ஒரு சொல். ஒரே ஒரு சொல்லுக்காக ஒருத்தி புருஷனைச் சாகக் கிடத்திவிட்டு ஊரின் அந்தக் கோடிக்கு ஓட வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. கதைதானே என்று நீங்கள் ஆறுதல் சொல்லலாம், எரிச்சல் அடங்கவில்லை.

அமைச்சர் நன்மொழியார் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் யாரையும் விரட்டுகிறவர் அல்ல. வரவழைத்து, உட்காரவைத்து, மோர் கொடுத்துத்தான் மறுப்பார்.

“நீங்கள் குறிப்பிடும் சொல் இறைச்சிக்குப் பொருந்தாதம்மா. லேபிளில் என்ன போட்டிருந்தது?”

“ராஜ உத்தமம்னு போட்டிருந்துச்சுங்க.”

“ஆக, இறைச்சி உத்தமமானது. உத்தமமான இறைச்சியை ஒரு வயிறு ஏற்க மறுக்கிறது. அப்படியானால் எது கெட்டது?”

“ஐயா, அவர் கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளு.”

“வயிறு கெட்டது. வயிறு கெட்டால் ஆளும் கெட்டவர்தான்.” அமைச்சரின் முகம் மலர்ந்தது. “பாருங்கள், நாம் அந்தச் சொல்லை இறைச்சியிடமிருந்துதான் நீக்கினோம். மனிதரிடமிருந்து நீக்கவில்லை. உங்கள் கணவரைக் கெட்ட குடிமகன் என்று அறிவிக்க எனக்கு முழு அதிகாரம் உண்டு. அந்தச் சீட்டைக் காட்டினால் மருந்து கிடைக்கும்.”

“குடுங்கய்யா. சீக்கிரம் குடுங்க.”

“ஆனால் கெட்ட குடும்பத்துக்கு ஓட்டு கிடையாது. அது தெரியுமல்லவா?”

“அவரு இல்லாம அந்த ஓட்டை வச்சு நான் என்னங்க பண்றது?”

அமைச்சர் எழுதினார்: ‘தொப்ளான், கெட்டவர். மனைவி செம்பாயி, உடன் கெட்டவர்.’ அவள் கைநாட்டு வைத்தாள். மோரைத் தொடாமல் ஓடினாள். மருந்துக்காரர் சீட்டில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, இருந்ததால், புட்டியை எடுத்துக் கொடுத்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் முதல் வாய் மருந்து தொப்ளானின் தொண்டையில் இறங்கியது. இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து, “ஏ புள்ள, பசிக்குது” என்றான். அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. கறி தின்று படுத்த வீடுகள் எத்தனையோ இருந்தன. எல்லோரும் அமைச்சர் வாசலில் வரிசையில் நின்றார்கள். “ஐயா, எம்மவளைக் கெட்டவன்னு எழுதிக் குடுங்க.” “ஐயா, எங்கப்பாவுக்கு ரெண்டு தடவை எழுதுங்க, ரொம்ப மோசமா இருக்காரு.” பெற்ற பிள்ளையைக் கெட்டவள் என்று எழுதித் தரச்சொல்லித் தாய் கெஞ்ச வேண்டிய நாடு ஒன்று இருந்தது என்றால், அதை ஆண்டவர்களை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த வசவெல்லாம் போதவில்லை.

வரிசையைக் கண்டு நன்மொழியார் முதலில் கலங்கினார். பிறகு மாடியில் நின்று அதன் நீளத்தைப் பார்த்தார். தேர்தல் வேறு வரப்போகிறது. வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவர்கூடத் தமக்கு ஓட்டுப் போடுகிறவர் அல்ல என்பது அவருக்குத் தெரியும். அன்றே மச்சானுக்கு ஆள் அனுப்பினார். பேரங்காடியின் குளிர்ப்பெட்டிகள் பழுதுபார்ப்பதற்காக நிறுத்தப்பட்டன. சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்தன. தேர்தல் நெருங்க நெருங்க நாற்றமும் நெருங்கியது.

வாங்காமல் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அவர்களும் கேட்டார்கள். ரேஷன் அரிசியோடு ஒரு தட்டுக் கறியும் சேர்த்து வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கறியைக் கொட்டிவிடலாமே என்பீர்கள். கொட்டினார்கள், கொட்ட மனம் வந்தவர்கள். சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியதைக் கொட்ட எல்லோருக்கும் மனம் வருமா?

தேர்தல் நாளன்று செம்பாயியும் தொப்ளானும் சாவடிக்குப் போனார்கள். பெயர் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் போனார்கள்.

“பேரு இல்லைம்மா” என்றார் அதிகாரி.

“ஆளு இருக்கோங்களே.”

“கெட்டவங்க பட்டியல்ல இருக்கீங்க.”

“வரிப் பட்டியல்லங்க?”

அதிகாரி இன்னொரு கட்டைப் புரட்டினார். “அதுல ராஜ உத்தமமா இருக்கீங்க.”

சாவடிகளில் கூட்டமே இல்லை. அமைச்சர்களின் வீட்டார் வந்தார்கள், மச்சான் வீட்டார் வந்தார்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள் வந்தார்கள். மாலையில் முடிவு சொன்னார்கள். நன்மொழியாருக்கு எதிராக ஓர் ஓட்டுகூட விழவில்லை. செவ்வாடபுரியின் வரலாற்றில் இப்படியொரு வெற்றி கிடையாது. வாக்காளர் தரமும் இப்போது உத்தமத்துக்கு உயர்ந்துவிட்டதாகச் சபை மகிழ்ச்சி தெரிவித்தது. ஓட்டிழந்தவர்களைப் பற்றி யாரோ கேட்டதற்கு, “யாரையும் நாங்கள் நீக்கவில்லை. அவர்களாகவே வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்” என்று நன்மொழியார் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் ரேஷன். செம்பாயி தொப்ளானோடு பேரங்காடிக்குள் நுழைந்தாள். முதல் தட்டை எடுத்தாள். தாளைக் கிழித்தாள். எல்லோரும் பார்க்க, நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

“கெட்டது” என்றாள் சத்தமாக.

காவலாளி ஓடிவந்தான். “ஏம்மா, முகர்ந்தா ஓட்டுப் போயிடும், தெரியுமில்ல?”

“எடுத்துக்க. எங்கிட்ட இருந்தா எடுத்துக்க.”

காவலாளி யோசித்தான். சட்டத்தில் வேறு தண்டனை எழுதியிருக்கவில்லை. இல்லாததைப் பறிக்க அவனுக்கு வழி தெரியவில்லை. செம்பாயி அடுத்த தட்டைக் கிழித்தாள். “இதுவும் கெட்டது.” பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் கெட்டவர்கள்தான், அவர்களும் ஆளுக்கொரு தட்டை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கடை முழுவதும் கெட்டது கெட்டது என்று குரல் கேட்டது. வருஷக்கணக்காகச் சொல்லாத சொல்லைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுக்கவில்லை.

அடுக்கின் கோடியில், சிவப்பு விளக்குக்கு நேர்கீழே, நன்மொழியாரின் ஆளுயரப் படம் நின்றது. வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லி மச்சான் வைத்தது. கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. படத்தின் கீழே பட்டையாக ஏதோ எழுதி ஒட்டியிருந்தது.

“ஏங்க, அதுல என்ன போட்டிருக்கு?” என்று செம்பாயி கேட்டாள்.

தொப்ளான் எழுத்துக்கூட்டிப் படித்தான். “பழுத்த அரசியல்வாதி.”

செம்பாயி படத்தை மேலும் கீழும் பார்த்தாள். அதை மட்டும் அவள் முகர்ந்து பார்க்கவில்லை.

“இத்தனை வருஷத்துல இந்த ஒரு லேபிள்லதான் உள்ளதை உள்ளபடி போட்டிருக்கான்” என்றாள்.