நான் செத்த வியாழக்கிழமை

அன்புள்ள தங்கை போர்கிலுக்கு,

அண்ணன் ஒட்வார் எழுதுவது. நான் நலம். நீயும் உங்கள் பெர்கன் ஊர் மழையும் மாப்பிள்ளையின் முழங்காலும் எப்படி என்று எழுது. மூன்று வாரத்துக்கு முன் நான் செத்துப்போனது உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவனுக்குப் பொழுது போகவில்லை. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தளத்தில் நோயாளியாக நடிக்க ஆள் கேட்டார்கள், போனேன். வேலை நேரத்திலேயே, அழைப்பு வராத இடைவெளியில், அவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். எனக்கு ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன் வேஷம். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்று முரண்டு பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். டாக்டர் இங்வில் கெட்டிக்காரப் பெண். கழுத்துக்குப் பட்டை போட்டாள், ஸ்ட்ரெச்சரில் இறுக்கிக் கட்டினாள், ஊர்ப்பட்ட கேள்வி கேட்டாள், மாத்திரையைத் தவிர. இருபதாவது நிமிடம் பயிற்சி அதிகாரி குறிப்பேட்டை மூடினார். "மூளைக்குள்ள ரத்தக்கசிவு. ஆள் போயிட்டார்."

இங்வில் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிடுங்க ஐயா."

"பரவால்லம்மா, எனக்கும் வயசாச்சு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நிஜ அழைப்பு வந்தது. குழுவினர் ஹெலிகாப்டருக்கு ஓடினார்கள், அதிகாரி போனை எடுக்க ஓடினார், செத்தவனை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தரை துடைக்கும் பெண், தோரில் என்று பெயர், வாளியோடு வந்தாள்.

"தோரில், இந்தப் பெல்ட்டக் கொஞ்சம் கழட்டும்மா."

"அய்யோ, டாக்டர் சொல்லாம அசைக்கவே கூடாது."

"எனக்கு ஒண்ணுமே இல்லம்மா!"

"தலைல அடிபட்டவங்க எல்லாரும் அதத்தான் சொல்வாங்கன்னு செவுத்துலயே ஒட்டியிருக்கு" என்று சொல்லி, என்னைச் சுற்றித் தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். இரக்கக்காரி, உறிஞ்சுகுழல் போட்டுக் காப்பி கொடுத்தாள். அதனால் வந்த அடுத்த அவஸ்தையை உனக்கு எழுத முடியாது.

இரண்டு மணி நேரம் கழித்து இங்வில் வந்து அவிழ்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க செத்ததாலதான் இன்னைக்கு ஒருத்தர் பொழச்சார் ஐயா" என்றாள். யார் என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம்.

மறுநாள் ஊரே சொன்னது. ஆஸ்லக்! பதினோரு பனிக்காலமாகத் தன் வாசல் பனியை என் வாசலில் தள்ளுகிற அதே பக்கத்து வீட்டு ஆஸ்லக்! பனிக்கட்டியில் வழுக்கித் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறான். இவர்கள் போய் இறங்கும்போது அடுப்படியில் நின்று மீன் வறுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றானாம். இங்வில் முதல் கேள்வியாகவே மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். சாப்பிடுகிறான். ஏறமாட்டேன் என்று அடம். "இதே மாதிரி ஒருத்தரக் கொன்னுட்டுத்தான் வந்திருக்கேன். ரெண்டாவது ஆளா நீங்க ஆகாதீங்க" என்றாளாம். பயல் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டான். பாதி வழியில் பேச்சு குழறியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து காப்பாற்றினார்கள். அரை மணி தாமதித்திருந்தால் முடிந்திருக்குமாம்.

கேட்டதும் எனக்கு முதலில் அந்தப் பனிதான் ஞாபகம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் உட்கார நாற்காலி தேடினேன்.

போன செவ்வாய் மொட்டைத் தலையோடு என் வாசலில் வந்து நின்றான்.

"நீ செத்தியாமே."

"ஆமா."

"நல்லா செத்திருக்க" என்றான். பதினோரு வருடத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

செத்தது நான், ஊரார் கேக் கொண்டுபோனது அவன் வீட்டுக்கு. இனி அந்தத் தளத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்; ஆஸ்லக்கோடும் எனக்கு எந்தச் சகவாசமும் இல்லை. இது உறுதி. நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

உன் அண்ணன்,
ஒட்வார்

பின்குறிப்பு: வரும் வியாழக்கிழமை தளத்தில் படகு கவிழ்ந்த மாதிரி ஒத்திகை. இரண்டு பேர் வேண்டுமாம். என்னோடு ஆஸ்லக் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு முனகவே தெரியவில்லை. தினமும் சாயங்காலம் என் சமையலறையில் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.