எட்டுப் பாய் அறையில் இரண்டு கேபிள்கள்

பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் இடது பக்க ஸ்பீக்கர் "ம்ம்ம்ம்" என்று முனகத் தொடங்கிவிட்டது.

"என்னங்க இது, பாட்டுக்கு முன்னாடி ஒரு கொசு வந்து பாடிட்டுப் போகுது?" என்றாள் ஃபுமியே, துணி மடித்தபடியே.

"கொசு இல்ல. அனலாக் கேபிள்னா அப்படித்தான். பாட்டே கரண்டா மாறி அதுக்குள்ள ஓடுது. பக்கத்துல வேற கரண்ட் போனா அதையும் சேர்த்து இழுத்துக்கும்" என்றார் இசொகாய்.

"அப்ப அந்த இன்னொண்ணு?"

"அது டிஜிட்டல். அதுல வெறும் வெளிச்சம்தான் ஓடும். முனகலே வராது. ஆனா பாட்டு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். சுத்தமா, சொரணை இல்லாம."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

மட்சுமோட்டோ நகரத் தண்ணீர் அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் குழாயில் காதை வைத்தே கசிவைக் கண்டுபிடித்த மனிதர் இசொகாய். அவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

ஃபுமியேவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அவளும் இன்னும் நாலு பெண்களும் ஹூலா நடனம் பழகிவந்த சமூகக்கூடத்தை இடிக்கப்போகிறார்கள். ஐந்து பேர் கைவீசி ஆட அந்த வட்டாரத்தில் தோதான இடம் ஒன்றுதான். எட்டுப் பாய் விரித்த இசொகாயின் பாட்டு அறை.

"பந்தயம் கட்டுவோமா?" என்றாள். "நாலு பேரைக் கூப்பிடுங்க. ரெண்டு கேபிளையும் மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுங்க. அதுல ஒருத்தருக்காவது வித்தியாசம் தெரிஞ்சா அறை உங்களுக்கு. ஒருத்தருக்குமே தெரியலைன்னா, உங்க பெட்டிகளை மாடிப்படிக்கு அடியில வச்சுக்கிட்டு ஹெட்ஃபோன் மாட்டிக்குங்க."

"அந்த நாலு பேரு யாரு?"

"உங்க பாட்டுச் சங்கத்து ஆளுங்களே வரட்டுமே."

இசொகாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கத்து ஆட்களா! முடிதிருத்தும் மொமோசே, பல் டாக்டர், ஓய்வுபெற்ற தபால்காரர், எண்பத்தொரு வயது குவாபாரா. நாலு பேருமே வீட்டில் சத்தமாகப் பாட்டுக் கேட்க முடியாதவர்கள். டாக்டர் காரில் உட்கார்ந்து கேட்பார். குவாபாரா வீட்டில் ஒலி இரண்டைத் தாண்டினால் மனைவி வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள். ஞாயிறுதோறும் அவர்கள் தஞ்சம் புகுவது இதே அறையில்தான். இதைக் கைவிடுவார்களா?

ஆனாலும் அந்த முனகலை வைத்து ஜெயிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "கேபிளையா கண்டுபிடிச்சாங்க? கொசுவையில்ல கண்டுபிடிச்சாங்க" என்பாள் ஃபுமியே. ஆகவே முதலில் முனகலை ஒழிக்க வேண்டும்.

புது அனலாக் கேபிள் ஒன்று வாங்கினார். தோட்டத்துக் குழாய் அளவுக்குத் தடிமன், அதே அளவுக்கு முரடு. வளைத்துச் செருகியதும் அது நிமிர்ந்துகொண்டு சிடி பெட்டியை அலமாரியிலிருந்து தள்ளிவிட்டது. பழைய அலுவலக டையால் பெட்டியைக் கட்டிப்போட்டார். முனகல் இப்போது இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"கொசுவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு போல" என்றாள் ஃபுமியே.

வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கினார். முனகல் பாதியானது. பிடுங்கியதை ஃபுமியேவிடம் சொல்ல மறந்தும் போனார். சனிக்கிழமை மோப்பம் பிடித்து வந்த தெருப் பூனைகள் சொல்லிக்கொடுத்தன.

"ஏங்க! அந்த மீன் எனக்கு அக்கா அனுப்பினது!"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ."

"நான் பொறுத்துக்குவேன். மீன் பொறுத்துக்குமா?"

அடுத்து அரிசிக் குக்கர் போனது. கீழே சூடும் மேலே மெத்தையுமாக இருக்கும் கொதாட்சு மேசை, வெந்நீர்க் கெண்டி, அறை ஹீட்டர் எல்லாம் வரிசையாகப் போயின. ஜனவரி மாதம். வெளியே சாக்கடை ஓரம் உறைந்து கிடந்தது. வீட்டுக்குள் இசொகாய் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஊசி முனையளவு முனகல் இன்னும் மிச்சம் இருந்தது.

ஞாயிறு காலை அதையும் பிடித்துவிட்டார். கழிப்பறையில் உட்காரும் இருக்கையைச் சூடாக்கும் கரண்ட்!

பிடுங்கினார். நிசப்தம். வென்றுவிட்ட முகத்தோடு வெளியே வந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். வாசலில் காலணியைக் கழற்றினார்கள், கோட்டைக் கழற்றப் போனார்கள், பிறகு பேசாமல் மாட்டிக்கொண்டார்கள். ஃபுமியே ஆறிப்போன பார்லித் தேநீர் கொடுத்தாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை.

குவாபாரா கழிப்பறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வீடே அதிர ஓர் அலறல்.

"டிஜிட்டலோ அனலாக்கோ தெரியாது. ஆனா இந்தச் சத்தம் ரொம்பத் தெளிவா இருந்துச்சுய்யா" என்றார் மொமோசே.

பெட்டிகளுக்கு முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் உட்கார்ந்தார் இசொகாய். முதலில் டிஜிட்டல். செல்லோ வாத்தியம் ஒன்று சுத்தமாக ஒலித்து ஓய்ந்தது. நாலு பேரும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கேட்டார்கள்.

இரண்டாவது அனலாக். போர்வை ஓரமாக எட்டிப் பார்த்த இசொகாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு தலைகளும் ஒன்றாக முன்னுக்குச் சாய்ந்தன. டாக்டர் கண்ணை மூடினார். மொமோசே பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினார். தபால்காரர் மூக்கை உறிஞ்சினார். அது குளிரால் அல்ல.

"அறை எனக்குத்தான்" என்று போர்வைக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டார்.

நாலு பேரும் சீட்டுகளில் எழுதினார்கள். எழுதுமுன் ஒருவரை ஒருவர் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். ஃபுமியே பிரித்துப் படித்தாள்.

"வித்தியாசம் தெரியவில்லை."

"தெரியவில்லை."

"எனக்கும் தெரியவில்லை."

"ஒன்றுமே தெரியவில்லை. குளிர் மட்டும் தெரிந்தது."

இசொகாய் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். குளிர்! தன் கையாலேயே வீட்டை உறையவைத்து, அவர்கள் காதையும் மரத்துப்போக வைத்துவிட்டாரே! இருந்தாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். எழுந்துபோய்க் கழிப்பறை இருக்கையின் இணைப்பைத் தானே செருகினார். இன்னும் ஓடிக்கொண்டிருந்த செல்லோவுக்குள் அந்தக் கொசு திரும்பி வந்தது.

மூன்று பேர் குனிந்து வணங்கிவிட்டு, அவர் கண்ணைப் பார்க்காமலே அவசரமாகப் போனார்கள். குவாபாரா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஃபுமியே யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, கிடைச்சாச்சு! திங்கள், புதன், வெள்ளி!"

இசொகாய் அவர் பக்கத்தில் குந்தினார். "அண்ணே, மறைக்காம சொல்லுங்க. நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

குவாபாரா உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேக்காம என்ன தம்பி, ரெண்டாவதுல வாசிக்கிறவன் மூச்சு விடுறதே கேட்டுச்சு. ஆனா வாரத்துல மூணு மத்தியானம் எங்க நாலு பேரு பெண்டாட்டிங்களும் உன் வீட்டுல ஆடிக்கிட்டு இருந்தா, எங்க நாலு வீட்டுலயும் ஒலியை எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாமே... திங்கக்கிழமை என் வீட்டுக்கு வந்துடு, அந்தத் தடிக் கேபிளை மறக்காம எடுத்துட்டு வா!"